திரும்பாத முதுகு

என் அண்ணன் ஜமீல் அகமது லண்டனில் சித்திரம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், திருத்தணியில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்றுச் சுவரின் மேலும் ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தான். அவனை முதலில் பார்த்தது அம்மா.

அப்பா நஜீர் அகமதுக்கு மலையடிவாரத்தில் கேஸ் லைட் கடை. கல்யாணமோ கூத்தோ சாமி ஊர்வலமோ, விளக்கு எங்கள் கடையிலிருந்துதான் போகும். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் மூன்று நாளைக்கு அப்பாவை வீட்டுப் பக்கம் பார்க்க முடியாது. அம்மா பெயர் ரோஷன் பீ. வீட்டுக்குள் நாங்கள் உருது பேசுவோம். வாசல் தாண்டினால் தமிழ், சந்தைக்குப் போனால் தெலுங்கு. இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்கிறேன்.

ஜமீல் நடக்கத் தொடங்கியதிலிருந்தே அடுப்புக்கரியைக் கையில் எடுத்தவன். சமையலறைச் சுவரில் ஆடு வரைவான், கோழி வரைவான், அப்பாவின் கடையாள் மூக்கை வரைவான். அம்மா ஈரத்துணியால் அழித்துக்கொண்டே வருவாள்.

"மரத்த வரை, மலைய வரை, யாரு வேணாங்கறாங்க? உசுரு இருக்கறத வரையாத. கேயாமத் நாள்ல, ஒலகம் முடியற அன்னிக்கி, 'நீ செஞ்சதுக்கு நீயே உசுரு குடு'ன்னு கேப்பாங்க. எங்கேர்ந்து எடுத்துக் குடுப்ப?"

அப்பா சிரித்துக்கொண்டு போய்விடுவார். அவருக்குப் பிள்ளையின் கை மேல் பெருமை. மெட்ராஸில் சித்திரப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அவர்தான். அங்கே நாலு வருஷம் படித்து முடித்ததும், யுத்தம் ஓய்ந்த வருஷம், சர்க்கார் ஸ்காலர்ஷிப்பில் அவன் கப்பல் ஏறினான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயசு, தங்கை எனக்குப் பதினாறு.

முதல் வருஷம் மாதம் தவறாமல் நாலு பக்கக் கடிதம் வந்தது. நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். இரண்டாவது வருஷம் பனிக்காலத்தில் கடிதம் இரண்டு வரியாகச் சுருங்கியது. 'நலம். குளிர் அதிகம்.' அவ்வளவுதான். அம்மா காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பாள், நான் எதையோ படிக்காமல் விட்டுவிட்ட மாதிரி.

நாற்பத்தேழு ஜனவரியில் ஒருநாள், மத்தியானம் லுஹர் தொழுகை முடித்துவிட்டு அம்மா தண்ணீர் சேந்தப் போனாள். போன கையோடு காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள். முகத்தில் சந்தோஷமா பயமா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம்.

"நிஷாத், அண்ணன் வந்துட்டான். கிணத்து மேல உக்காந்துகினு இருக்கான்."

நான் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். கிணறு இருந்தது. அதன் பின்னால் சப்பாத்திக்கள்ளி வேலி, வேலிக்கு அப்பால் பாதை, அதற்கும் அப்பால் மலை. ஆள் யாரும் இல்லை.

"எங்கம்மா?"

"அதோ. மலையப் பாத்துகினு இருக்கான் பாரு."

அன்று ஒரு தட்டில் சோறு போட்டுக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாளும் வைத்தாள். அது தினப்படி வேலையாகிவிட்டது. காக்கைகள் தின்றுவிட்டுப் போகும். நான் அப்பாவிடம் அழுதேன். "புள்ள நெனப்பு, வேற ஒண்ணும் இல்ல. அவன் வந்தா சரியாயிடும்," என்றார்.

நானும் அப்படித்தான் தேற்றிக்கொண்டேன், தாயம்மாள் வந்து பேசும்வரை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு அவளுடையது. இரண்டு எருமை வைத்திருந்தாள். தினமும் பால் கொண்டுவந்து பக்கத்து வேலிக்கு அந்தப்பக்கம் நின்றே குரல் கொடுப்பாள். மார்ச் மாதம் ஒருநாள் பாலை ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"இன்னா பீம்மா, உம்புள்ள சீமையிலேர்ந்து வந்துட்டுதா? ஒரு வார்த்த சொல்லலியே! கிணத்து மேல குந்திகினு கீது. நானும் தம்பீ தம்பீன்னு கூப்ட்டேன். திரும்பவே இல்லியே?"

நான் சட்டென்று கிணற்றுப் பக்கம் திரும்பினேன். எனக்கு யாரும் தெரியவில்லை. அம்மா கொஞ்சமும் அசையவில்லை.

"ஆங், வந்துட்டான். கொஞ்ச நாளா யார்கிட்டயும் பேசறதில்ல."

அதற்கப்புறம் நான் மத்தியானங்களில் கொல்லைக் கதவைச் சாத்தியே வைத்தேன். ஆனாலும் தப்பவில்லை. சுதந்திரம் வந்த அடுத்த மாதம், சமையலறை வாசலில் நின்று முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. தலையை நிமிர்த்தினேன். அவன் இருந்தான்.

முதுகுதான் தெரிந்தது. சட்டை, கட்டம் போட்ட லுங்கி, கழுத்தோரம் சுருண்ட முடி. ஆனால் எதிலும் நிறம் இல்லை. எல்லாம் சாம்பலும் கரியும். சுற்றிலும் கொய்யாமரம் பச்சையாக நிற்க, கள்ளிப்பழம் சிவப்பாகத் தொங்க, நடுவில் அவன் மட்டும் புகையால் செய்தவன்போல உட்கார்ந்திருந்தான். இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது. அவன் நிழல் இடதுபக்கம் நீளமாக விழுந்திருந்தது. உச்சி வெயில். கொய்யாமரத்து நிழல் மரத்தடியிலேயே சுருண்டு கிடந்தது.

"பாய்ஜான்," என்றேன்.

அவன் திரும்பவில்லை. ஒரு காக்கை வந்து அவன் தொடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அலகைச் சுவரில் தேய்த்துக்கொண்டது.

பின்னாலிருந்து அம்மா என் தோளைப் பிடித்தாள். "பயப்படாத. ஒண்ணும் செய்யமாட்டான்."

"அவனுக்கு எழுதிக் கேக்கலாமாம்மா?"

"இன்னான்னு எழுதுவ? நீ இங்கதான் இருக்கன்னு அவனுக்கே எழுதுவியா?"

நான் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அப்பா மட்டும் கடைசிவரை எதையும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்னால் குளிக்கக் கிணற்றடிக்குப் போவார். துண்டை அந்த உருவத்தின் இடுப்புக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, நாலு வாளி சேந்தித் தலையில் ஊற்றிக்கொண்டு, தும்மிவிட்டு வருவார். தண்ணீர் அதன்மேல் தெறிக்கும். அது நனையாது. நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

நாற்பத்தெட்டு ஜூலையில் நிஜமான ஜமீல் வந்தான்.

பம்பாயில் கப்பல் இறங்கி, அரக்கோணத்தில் ரயில் மாறி, ஸ்டேஷனிலிருந்து ஜட்கா பிடித்து வந்து இறங்கினான். அப்பா தெருவிலேயே கட்டிக்கொண்டு அழுதார். அம்மா உள்வாசற்படியில் நின்றிருந்தாள். "வாங்க," என்றாள், யாரோ விருந்தாளியிடம் சொல்வதுபோல. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். அப்புறம் கொல்லைப் பக்கம் பார்த்தாள். அவன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அவனும் மாறித்தான் போயிருந்தான். இளைத்து, வெளுத்து, வாயின் இரண்டு பக்கமும் கோடு விழுந்திருந்தது. உருது பேசினால் நடுவில் வார்த்தை தேடினான், தமிழ் பேசினாலும் தேடினான். நான் தண்ணீர் கொடுத்தால் நன்றி சொன்னான். அம்மா சோறு போட்டதற்கும் நன்றி சொன்னான். அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. பெற்றவளுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

சாயங்காலம் என்னிடம் கேட்டான், "அம்மாவுக்கு எம்மேல கோவமா?"

"இல்ல."

"பின்ன ஏன் மூஞ்சியப் பாக்கமாட்டேங்கறாங்க?"

"நாளைக்கு மத்தியானம் சமையக்கட்டுப் பக்கம் வா, சொல்றேன்," என்றேன்.

மறுநாள் அம்மா வழக்கம்போலத் தட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அண்ணன் என் பக்கத்தில் நின்று பார்த்தான். கத்துவான், ஓடுவான் என்று நினைத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் கத்தவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, வாய்க்குள் சொன்னான்:

"அந்த எடது தோளு. அது தப்பு. ரெண்டு தரம் அழிச்சிப் போட்டேன். சரியா வரல."

உள்ளே ஓடி, சீமையிலிருந்து கொண்டுவந்த நீளமான தகரக் குழலைத் திறந்தான். உள்ளிருந்த காகிதங்களைத் தரையில் விரித்தான். சுருண்டுகொண்ட ஓரங்களில் நான் படியையும் உழக்கையும் வைத்தேன். ஒன்பது படங்கள், எல்லாம் கரிக்கட்டியால் வரைந்தவை. ஒன்பதிலும் எங்கள் கிணறு, எங்கள் வேலி, எங்கள் மலை. ஒன்பதிலும் அவன் கிணற்றுச் சுவரில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிழல் இடதுபக்கம் விழுந்திருந்தது.

"அங்க ரூம்ல ஜன்னல் வலது பக்கம்," என்றான். "அதான் நெழலு அப்படி."

முதல் படத்தில் அவனுக்குப் பின்னால் அம்மா காலிக் குடத்தோடு நின்றாள். கீழே ஜனவரி என்று போட்டிருந்தது. மூன்றாவது படத்தில் பக்கத்து வேலிக்கு அந்தப்பக்கம் தாயம்மாள், கையில் பால்செம்பு. மார்ச். ஆறாவது படத்தில் சமையலறை வாசலில் ஒரு பெண், கையில் முறம். செப்டம்பர்.

"அது நீ," என்றான்.

மற்றப் படங்களையும் ஒவ்வொன்றாகத் தேடினேன். "அப்பாவ எதிலயும் காணமே? அவரு கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியல."

"அப்பா பகல்ல கடையிலதான இருப்பாரு. வூட்ட நெனச்சா..." என்றவன் பாதியில் நிறுத்தினான். எதற்காகக் கேட்டேன் என்று அவனுக்கும் விளங்கிவிட்டது.

தட்டை வைத்துவிட்டு வந்த அம்மா வாசற்படியில் நின்று படங்களைப் பார்த்தாள். அவனாகவே பேச ஆரம்பித்தான்.

"அந்த வருஷம் பனி இடுப்பு மட்டும் விழுந்துதும்மா. எரிக்கக் கரி கெடைக்கல, வரையற கரிதான் இருந்துது. பள்ளிக்கூடத்துல கேப்பாங்க, நீ இந்தியாவா, புதுசா வரப்போற நாடான்னு. நான் திருத்தணின்னு சொல்லுவேன். அப்படி ஒரு ஊரு யாருக்குத் தெரியும்? வாத்தியாரு, அப்ப அந்த ஊர வரஞ்சி காட்டுன்னாரு. வரஞ்சேன். ஊரு வந்துடுச்சி. என்ன அதுல வெக்கத்தான் முடியல. கண்ணாடியப் பாத்து நூறு தரம் என் மூஞ்சிய வரஞ்சவன் நானு. அந்த ரூம்ல வரஞ்சா அது என் மூஞ்சி. இந்தக் கிணத்தங்கரையில வெச்சா யாரோ ஒருத்தன். ஒவ்வொரு தரமும் யாரோ ஒருத்தன் வந்து நம்ம வூட்ல உக்காந்துகினு இருந்தான். அதான் திருப்பி உக்கார வெச்சிட்டேன்."

எழுந்து அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். "எல்லாத்தையும் கொளுத்திடறேன். போயிடும்."

"கொளுத்தாத," என்றாள் அம்மா.

"அது நான் இல்லம்மா. வெறும் கோடு."

"தெரியும். மொத வாரமே தெரியும்." அம்மா அப்படியே படியில் உட்கார்ந்தாள். "எத்தினி தரம் கூப்ட்டாலும் திரும்பலியேன்னு, முள்ளு கிழிக்கக் கிழிக்க வேலிப்பக்கமா பூந்து போயி எதுருல நின்னு பாத்தேன். மூஞ்சி இல்ல. கண்ணு இல்ல, வாயி இல்ல. வெள்ளக் காகிதம் மாதிரி கெடந்துது."

அதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. ஒன்றரை வருஷம் அதைத் தெரிந்துகொண்டேதான் தினமும் தட்டோடு போய் வந்திருக்கிறாள்.

"அப்புறம் ஏம்மா சோறு வெச்ச?" என்று கேட்டேன்.

"பின்ன இன்னா பண்றது? இவன் செஞ்சிட்டான். உசுரு குடுக்க இவனால ஆவாது. அது வெயில்லயும் மழையிலயும் அங்கயே கெடக்குது. எம்புள்ள செஞ்சது எங்கொல்லையில வந்து உக்காந்தா, மூஞ்சி இல்லன்னு தொரத்திடுவனா?"

அப்புறம், குனிந்த தலை நிமிராமலே, "நீ ஜட்காவுலேர்ந்து எறங்குன பாரு, ஒன் மூஞ்சியப் பாக்கவே பயமாப் பூடுச்சி. இவனுக்கும் மூஞ்சி இல்லாம இருந்துட்டா இன்னா பண்றதுன்னு," என்றாள்.

அண்ணன் தீப்பெட்டியைக் கீழே வைத்தான்.

மறுநாள் ஆடிக் கிருத்திகை. காலையிலிருந்தே மலைப்படியில் பம்பைச் சத்தமும் அரோகராவும். பின்பக்கப் பாதையில் காவடிகள் மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. மத்தியானம் அண்ணன் ஒரு பலகையில் புதுக்காகிதத்தைக் குத்திக்கொண்டு, வேலிக்கும் கிணற்றுக்கும் நடுவில் உள்ள சந்தில் புகுந்து போய், அதற்கு நேர் எதிரே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தான். நான் கொய்யாமரத்தடியில் நின்றேன். எனக்கு அதன் முதுகும், முதுகுக்கு மேலே அண்ணன் முகமும் தெரிந்தன. நிமிர்ந்து அதைப் பார்த்தவனின் முகத்தில் இரத்தமே இல்லை.

தோளை வரைந்தான், கழுத்தை வரைந்தான். இடது தோளைச் சரியாகவே போட்டான் என்று அப்புறம் சொன்னான். கழுத்துக்கு மேலே கை ஓடவில்லை. கரிக்கட்டி காகிதத்தின்மேல் அந்தரத்தில் நின்றது.

"முடியலம்மா. எனக்கு என் மூஞ்சி தெரியல."

அம்மா என்னைத் தாண்டிக்கொண்டு போனாள். தயங்கவே இல்லை. கிணற்றுச் சுவரில் அந்த உருவத்துக்குப் பக்கத்தில், தோளோடு தோள் படுகிற மாதிரி உட்கார்ந்தாள். கால்களை வேலிப்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு, எதிரே இருந்த தன் பிள்ளையை நேருக்கு நேராகப் பார்த்தாள். அவன் வந்ததிலிருந்து முதல்முறையாகப் பார்த்தாள்.

"நான் சொல்றேன். நீ வரை."

"உசுருள்ளத வரையக்கூடாதுன்னு நீயே..."

"அத நான் போய் அல்லாகிட்ட பேசிக்கறேன். நெத்தி அகலம். முடி முன்ன மாதிரி எறங்கி இல்ல, மேல ஏறிடுச்சி. ஏத்து. இன்னும் ஏத்து. புருவத்துல ஒரு எடம் சொட்டையா கீது. மூக்கு ஒங்கப்பன் மூக்கு, கேக்கவே வாணாம். வாய்க்கு ரெண்டு பக்கமும் கோடு. போறப்ப இல்ல அது. போடு."

"அசிங்கமா இருக்கும்மா."

"இருக்கட்டும். நான் இல்லாத எடத்துல பட்டது அது. ஒண்ணு விடாத."

கரிக்கட்டி ஓடும் சரசரப்பு எனக்குக் கேட்டது. அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள்: தாடை, காது, மேலுதட்டு வெட்டு. கடைசியில் அவன் கேட்டான்:

"கண்ணு?"

அம்மா வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பாதையில் ஒரு காவடி கடந்துபோய், அந்தப் பம்பைச் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை பார்த்தாள்.

"பயந்துகினு இருக்கு," என்றாள். "அதயும் போடு."

போட்டான். அவன் கை காகிதத்தை விட்டு எடுபட்ட அந்த நொடி, அந்த முதுகு அசைந்தது. மெதுவாக, வெகுகாலம் ஒரே பக்கம் படுத்தவர்கள் புரள்வதுபோல, அது தலையைத் திருப்பியது. என் அண்ணனின் முகம். கரியும் சாம்பலுமாய், வாயோரக் கோட்டோடு, பயந்த கண்ணோடு, அம்மாவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. குரலை அவன் வரைந்திருக்க முடியாதே.

அம்மா அதன் கன்னத்துக்கு நேராகக் கையை நீட்டினாள். தொடவில்லை.

"போ, பேட்டா. அல்லா காவல்."

அது எழுந்தது. எழுந்ததும் அதன் நிழல் கூடவே நகர்ந்து காலடியில் வந்து ஒட்டிக்கொண்டது. கள்ளிவேலிக்குள் நேராக நடந்தது. ஒரு முள்கூடச் சட்டையில் மாட்டவில்லை. பாதையில் ஏறி, மஞ்சள் துணி கட்டிய காவடிக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில், பொதட்டூர்பேட்டை ரோட்டுப் பக்கமாகப் போனது. அத்தனை மஞ்சளுக்கும் நடுவில் ஒரே ஒரு சாம்பல் நிறம் கொஞ்சதூரம் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

உள்ளே போய் ஒன்பது படங்களையும் பார்த்தோம். எதுவும் மாறவில்லை. எல்லாம் அப்படி அப்படியே இருந்தன.

அம்மாவுக்கு அன்றே காய்ச்சல் கண்டது. மூன்று நாள் அண்ணன் அவள் தலைமாட்டைவிட்டு நகரவில்லை. நாலாம் நாள் கண்ணைத் திறந்தவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏண்டா, எந்த அம்பட்டன்டா ஒனக்கு இப்டி முடிய வெட்டுனான்?" என்று கத்தினாள். கேட்டுக்கொண்டே வந்த அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் அண்ணனும் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

கொஞ்ச நாளில் அவனுக்கு மெட்ராஸில் ஒரு அச்சுக்கூடத்தில் வேலை கிடைத்தது. லுங்கிக் கட்டுகளில் ஒட்டுகிற லேபிளுக்குப் படம் போடுவது. சனிக்கிழமை சாயங்காலம் வருவான், ஞாயிற்றுக்கிழமை கடையில் அப்பாவோடு விளக்குத் துடைப்பான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாயம்மாளின் மருமகன் பெருமாள் அம்மையார்குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்து கடை வாசலில் காலை ஊன்றினான்.

"இன்னா ஜமீலு, புதன்கெழம மணவூர் ஸ்டேஷன்ல ஒன்னப் பாத்தனே. கூப்ட்டேன். திரும்பிப் பாத்து சிரிச்ச, ஒரு வார்த்த பேசாமப் போய்ட்ட. ஒடம்புகிடம்பு சரியில்லியா? வெளிறிப் போயிருந்த."

புதன்கிழமை அண்ணன் மெட்ராஸில் இருந்தான். நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், தூக்கோடு அப்படியே நின்றேன். அண்ணன் கையிலிருந்த கண்ணாடிச் சிம்னியைத் துணியோடு மெதுவாகக் கீழே வைத்தான். அவன் முகம் ஒருகணம் வெளுத்தது. அப்புறம் பெருமாளின் சைக்கிள் ஹாண்டிலில் கையை வைத்துக்கொண்டு சொன்னான்:

"ஆங், நான்தான். ரயிலுக்கு நேரமாயிடுச்சி, அதான் நிக்கல. தப்பா நெனச்சிக்காத."